தூக்கத்தைக் கெடுத்தது ஒன்று, திரும்ப விடாதது வேறொன்று

“படுத்தா தூக்கமே வர்றதில்லீங்க” என்று சொல்லி மருத்துவரிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் இருப்பது ஒரே தொல்லை அல்ல. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்டு முடித்துப் பகலில் படுக்கிறவர், மோட்டார் போட ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர், ஒன்பது மணிக்கே படுத்துப் பன்னிரண்டு வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவர், மூவரும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். முதல் இருவருக்குத் தூங்கத் தோதான நேரம் கிடைக்கவில்லை. மூன்றாமவருக்கு நேரமும் இருக்கிறது, படுக்கையும் இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. தூக்கமின்மை நோய் என்று மருத்துவம் சொல்வது இந்த மூன்றாமவரின் நிலையை. முதல் இருவருக்கும் மூன்றாமவருக்கும் வைத்தியம் வேறு என்பதால், இதை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

பிரித்துப் பார்ப்பது எளிது. வேலை இல்லாத இரண்டு மூன்று நாள், தொந்தரவில்லாத அறையில் படுத்தால் என்ன ஆகிறது? படுத்ததும் அடித்துப் போட்டது போல எட்டு ஒன்பது மணி நேரம் தூங்கினால் அது தூக்கக் கடன். அதற்கு மாத்திரை தேவையில்லை, நேரம்தான் தேவை. அந்த நாளிலும் புரண்டு புரண்டு கிடந்தால் அது தூக்கமின்மை. படுத்து 30 நிமிடத்துக்கு மேல் ஆகியும் தூக்கம் பிடிக்காமல் இருப்பது, நடுவில் விழித்து 30 நிமிடத்துக்கு மேல் கிடப்பது, எழ வேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே விழித்துவிடுவது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று வாரத்தில் குறைந்தது 3 ராத்திரி, 3 மாதத்துக்கு நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: பகலில் அதன் பாதிப்பு தெரிய வேண்டும். சோர்வு, எரிச்சல், தையலில் தவறு, கணக்கில் குழப்பம் என்று ஏதாவது. ஆறு மணி நேரமே தூங்கி நாளெல்லாம் தெம்பாக இருக்கிறவருக்கு நோய் எதுவும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய அப்பாரு வெடியக்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறக்கப் போகிறார், ராத்திரி எட்டரைக்கே படுத்துவிடுகிறார் என்றால் அதுவும் நோயல்ல. வயது ஏற ஏற உடம்பின் கடிகாரம் முன்னே நகர்வது இயல்பு.

தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் வரவில்லை என்பது விளங்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன என்றார் அவர். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. தூக்க அழுத்தத்தை ஏற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல இது மெல்ல ஏறும். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குவது, பகலிலேயே மோட்டாரைப் போட்டு இறைத்துவிடுவதற்குச் சமம். ராத்திரி பத்து மணிக்கு அதே அளவு ஊறியிருக்காது.

டீயும் காப்பியும் கை வைப்பது இங்கேதான். அவற்றில் இருக்கும் காஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் சேர்ந்திருக்கும், மூளைக்குத் தெரியாது. ஒருவர் உடம்பில் போன காஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு நேரம் பிடிக்கும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு ஓடும் நாளில் பதினொரு மணி, நான்கு மணி, ஏழு மணி என்று பேக்கரியிலிருந்து டீ வந்துகொண்டே இருக்கும். ஏழு மணி டீயின் பாதி பன்னிரண்டு மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. 400 மில்லிகிராம் என்பது ஒரே டீயில் வராது, ஆனால் நாள் முழுக்க ஆறேழு டீயும் ஒரு ஃபில்டர் காப்பியும் குடிக்கிறவர் அந்த அளவைத் தொட்டுவிட முடியும். “நான் காப்பி குடிச்சுட்டே தூங்கிருவேன்” என்பவர்கள் உண்டு. தூங்கிவிடுவார்கள்தான், ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறையும். பத்து மணிக்குப் படுக்கிறவருக்கு மத்தியானம் இரண்டு மணி டீயே கடைசி டீயாக இருப்பது நல்லது.

இரண்டாவது சக்தி உடம்பின் கடிகாரம். கண்களுக்குப் பின்னால் மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு நரம்புத் தொகுதி இதை நடத்துகிறது. அதற்கு மணி சொல்வது வெளிச்சம். இருட்டு விழுந்ததும், ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, உடம்பின் உள்சூடு மெல்ல இறங்குகிறது, தூக்கம் வருகிறது. காலை வெயிலில் திறந்த வெளியில் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் உண்டு. டியூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். பகல் முழுக்க ஜன்னல் மூடிய தறிக் குடோனில் இருந்துவிட்டு ராத்திரி பதினொன்று வரை முகத்துக்கு நேரே போனை வைத்திருந்தால், கடிகாரத்துக்குப் பகல் எது, ராவு எது என்று குழம்பிப் போகும். காலை எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பது கால்களைவிடத் தூக்கத்துக்கே அதிகம் உதவும்.

ஷிப்டு வேலையில் இந்த இரண்டு சக்திகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நைட் முடித்துக் காலை எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்கு அழுத்தம் உச்சத்தில் இருக்கும், கடிகாரமோ எழுந்திரு என்று சொல்லும். அதனால்தான் படுத்ததும் தூங்கி, பதினொன்று பன்னிரண்டுக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அட்டைக் கூரை போட்ட லைன் வீட்டில் சித்திரை மாதப் பகல் வேறு. உள்சூடு இறங்க வழியே இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் ஷிப்டு மாறும் மில்களில் காலை, சாயங்காலம், ராத்திரி என்று முன்னோக்கி மாற்றுவதை உடம்பு ஓரளவு தாங்கும், ராத்திரியிலிருந்து சாயங்காலம், அதிலிருந்து காலை என்று பின்னோக்கி மாற்றினால் திணறும். ஷிப்டு போடும் சூப்பர்வைசர்கள் இதைக் கவனித்தாலே பாதித் தொல்லை குறையும். நைட் போகிறவர் செய்யக்கூடியவை: வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரத் தூக்கம், டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துவது, விடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறையில் கெட்டியான துணித் திரை, காதில் பஞ்சோ இயர்பிளக்கோ. ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் வராது என்றால் காலையில் ஐந்து, வேலைக்குப் போகும் முன் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். எத்தனை டீ குடித்தாலும் அந்த நேரத்தில் கண் தானாக மூடும். ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது தவிர வேறு வழி இல்லை.

விவசாயிகளின் சங்கதி இன்னும் நுட்பமானது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களிலும், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் முறை ராத்திரியில் விழும் நாட்களிலும் தூக்கம் நடுவில் அறுபடும். தூக்கம் அறுபடுவதைவிட மோசமானது அதற்காகக் காத்திருப்பது. கரண்ட் எப்போது வரும் என்று ஒரு காது விழித்தே கிடக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் இண்டிகேட்டர் எரிகிறதா என்று இரண்டு தரம் எழுந்து பார்ப்பார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் காவல் இருந்த மூளைக்கு, மின்சாரம் பகலில் வரத் தொடங்கிய பிறகும், ஒரு மணிக்கு விழிக்கும் பழக்கம் விடாது. போனிலிருந்து இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டரோ, கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரோ, தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்போடு வைத்துக்கொண்டால், காவல் காக்கும் காரணம் போய்விடும். சில வீடுகளில் தூக்க வைத்தியம் தொடங்க வேண்டிய இடம் மோட்டார் ரூம்தான்.

அந்தப் பழக்கம் ஏன் விடாமல் தொடர்கிறது என்பதுதான் தூக்கமின்மையின் மையக் கேள்வி. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதற்குத் தெளிவான விடை சொன்னார். தூக்கமின்மைக்கு மூன்று அடுக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது பிறவிப் போக்கு: சின்ன விஷயத்துக்கும் மனசு பொங்கும் ஆட்கள், அம்மாவுக்கும் இதே தொல்லை இருந்த குடும்பம். இரண்டாவது தொடங்கி வைக்கும் காரணம்: மகள் கல்யாணக் கடன், ஆர்டர் ரத்தாகி நிற்கும் கம்பெனி, மஞ்சள் விலை இறக்கம், வீட்டில் ஒரு சாவு, பிரசவம், ஆபரேஷன். மூன்றாவது தொடர வைக்கும் காரணம். தூக்கம் போனதைச் சரிக்கட்ட நாமே செய்யும் காரியங்கள்தான் அவை. தொடங்கி வைத்த காரணம் ஒரு மாதத்தில் மறைந்துவிடலாம். கடன் அடைந்திருக்கும், காயம் ஆறியிருக்கும். அதற்குள் மூன்றாவது அடுக்கு வேர் பிடித்துவிட்டதால் தூக்கம் திரும்புவதில்லை. நம்மவர்கள் பழைய காரணத்தையே தேடிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது தடுத்துக்கொண்டிருப்பது வேறு.

எப்படி வேர் பிடிக்கிறது என்று பாருங்கள். நேற்று சரியாகத் தூங்கவில்லை, அதனால் இன்று எட்டரைக்கே படுக்கிறார். அழுத்தம் போதாததால் பதினொன்று தாண்டியும் விழித்துக் கிடக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் மணி பார்த்து, இன்னும் ஐந்து மணி நேரம்தான், நாலரைதான் என்று கணக்குப் போடுகிறார். கணக்குப் போடப் போட நெஞ்சு படபடக்கிறது. விடிகிற நேரத்தில் கண்ணயர்ந்து எட்டு மணிக்கு எழுகிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம், சாயங்காலம் தெம்புக்கு இரண்டு டீ. மறுநாளும் இதேதான். சில வாரத்தில் படுக்கை என்றாலே மூளைக்கு விழிப்பு என்று பதிந்துவிடுகிறது. டி.வி. முன்னால் நாற்காலியில் சாய்ந்தபடி குறட்டை விட்டவர், “கட்டலுக்குப் போய்ப் படுங்க” என்று வீட்டுக்காரம்மா எழுப்பி அனுப்பியதும் கண்ணை விரித்துக்கொண்டு கிடப்பார். இது பல வீடுகளில் நடக்கிறது. அவருக்குத் தூக்கம் கெட்டுப்போகவில்லை, அந்தக் கட்டிலோடுதான் சிக்கல்.

அதனால்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையைச் சொல்லாமல், பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சியைச் சொல்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொன்னது. சி.பி.டி-ஐ என்று அழைக்கப்படும் இந்தப் பயிற்சி வழக்கமாக 4 முதல் 8 அமர்வுகளில் முடியும். அதில் பலம் மிகுந்த பகுதி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. கேட்கத் தலைகீழாகத் தோன்றும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறக்குறைய எப்போது தூங்கினேன், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன், டீ எத்தனை, பகல் தூக்கம் எவ்வளவு. காலையில் உத்தேசமாக எழுதினால் போதும், ராத்திரி மணி பார்க்கக் கூடாது. ஒருவர் 9 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறார், சராசரியாக ஐந்தரை மணி நேரம் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரப் படுக்கையில் ஐந்தரை என்றால் 61 சதவீதம். இனி அவருக்குப் படுக்கை நேரமும் ஐந்தரை மணிதான். எழும் நேரம் 5 மணி என்று நிலையாக வைக்க வேண்டும், ஞாயிறு உட்பட. அப்படியானால் படுக்கை ராத்திரி 11.30. அதற்கு முன் தூக்கம் கண்ணைச் சொக்கினாலும் படுக்கக் கூடாது. பகல் தூக்கம் கிடையாது. ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்து, படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால் 11.15க்குப் படுக்கலாம். அடுத்த வாரம் 11.00. எண்பதுக்குக் கீழே போனால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். எந்த நிலையிலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

முதல் பத்து நாள் கடினமாக இருக்கும், பகலில் தள்ளாடும். விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான் விடுகிறார்கள். அதோடு, எல்லோருக்கும் இது ஆகாது. லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், போர்வெல் ரிக், கட்டிங் மெஷின், பாய்லர் ஆகியவற்றில் நிற்கிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கும் இருதுருவ நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தார். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது. இருபது நிமிடம் போலக் கிடந்தும் தூங்காவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது. வெண்டைக்காய் நறுக்கலாம், பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம், போன் கூடாது. கண் சொக்கியதும் திரும்பப் போய்ப் படுப்பது. படுக்கையில் சாப்பாடு, டி.வி., கடன் கணக்கு எதுவும் வேண்டாம். ஒரே அறையில் வாழும் லைன் வீட்டில் இது எப்படி என்றால், பகலில் பாயைச் சுருட்டி வைத்துவிடுவதே போதும். மனசில் ஓடும் கணக்குகளுக்கு, சாயங்காலம் ஆறு மணி போலப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, நாளைக்கு யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று தாளில் எழுதி மூடி வைப்பது பயன் தரும்.

இதற்கெல்லாம் முன்பு உடம்பில் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சத்தமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் பேசும்போதே தூங்குவது என்றால் அது மூச்சுத் தடைத் தூக்க நோயாக இருக்கலாம். அதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். மருத்துவரிடம் அவரையும் கூட்டிப் போங்கள். சர்க்கரை கட்டுப்படாமல் ராத்திரி நான்கு தரம் சிறுநீருக்கு எழுவது, புராஸ்டேட் வீக்கம், தைராய்டு மிகுதி, மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் திடீர் உடல் எரிச்சலும் வேர்வையும், நெஞ்சுக்கரிப்பு, மூச்சிளைப்பு எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும்.

பெண்களிடம் அடிக்கடி கவனிக்கத் தவறுவது கால் அமைதியின்மை. பொழுதோட உட்கார்ந்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும், காலை அசைத்தாலும் எழுந்து நடந்தாலும் சரியாகும், படுத்தால் திரும்ப வரும். “காலைக் கொஞ்சம் அமுக்கி விடு கண்ணு” என்று பேத்தியைக் கூப்பிடும் ஆத்தாவுக்கு இருப்பது வயசு வலியாக இல்லாமல் இதுவாக இருக்கலாம். உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைவது இதற்கு முக்கியக் காரணம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இந்தத் தொல்லைக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது.

சாப்பிடும் மருந்துகளின் நேரத்தையும் பாருங்கள். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாயங்காலம் போட்டால் ராத்திரி எழுந்துகொண்டே இருக்க வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாலையில் போட்டால் மூளை விறைத்து நிற்கும். மூக்கடைப்புக்குத் தரும் சில சளி மாத்திரைகளும் அப்படித்தான். காலைக்கு மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, எழுந்ததும் நெஞ்சில் பாரம், எதிலும் ஆசையில்லை, பசியில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்க அதிக வாய்ப்பு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104க்கோ அன்றே பேச வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

சாராயத்தைத் தூக்க மருந்தாக நம்புகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. குவார்ட்டர் போட்டால் படுத்ததும் தூக்கம் வருவது உண்மை. மூன்று நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு குறைந்ததும் விழிப்பு, வேர்வை, தாகம். பின்பாதி ராத்திரி சிதறிப் போகும். குறட்டை நோய் உள்ளவருக்கு மூச்சுத் தடை இன்னும் கூடும்.

கடைசியாகத் தூக்க மாத்திரை. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் தரக் கூடாது, வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சாவு வீட்டுத் துக்கம் போன்ற நெருக்கடியில் சில நாள் கொடுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் போனால் அதே அளவு வேலை செய்யாமல் போகும், வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும், மறதி கூடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறவர் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பு கூட வரும். அல்பிரசோலம் வகை மாத்திரையை மருத்துவர் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தரம் 5 முதல் 10 சதவீதம் போலக் குறைத்துக்கொண்டு வருவார், 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட மாட்டார். படுக்கை நேரப் பயிற்சியை முதலில் தொடங்கி, அது பிடிபட்ட பிறகு குறைக்க ஆரம்பித்தால் எளிதாக இருக்கும். ஒவ்வொரு முறை அளவைக் குறைக்கும்போதும் சில ராத்திரி தூக்கம் முன்பைவிட மோசமாகும். அது மருந்து விலகும்போது வரும் எதிர்வினை, பழைய நோய் திரும்பியதாக எடுத்துக்கொண்டு மறுபடி முழு மாத்திரைக்குப் போகக் கூடாது. சில நாளில் அடங்காவிட்டால், அடுத்த குறைப்பைத் தள்ளிப்போட்டு அதே அளவில் இன்னும் இரண்டு வாரம் நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.